வர்த்தக விடுமுறைப் பட்டியலில் இல்லாத தீபாவளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வருடந்தோறும் அடுத்த ஆண்டுக்கான விடுமுறைப் பட்டியல் இலங்கை அரசின் வர்த்தமானியில் வெளியானதும், தமிழ்ப் பத்திரிகைகள் அதைப் பெட்டிச் செய்தியாக இடுவது வழக்கம். எத்தனை நாட்கள் வார இறுதியுடன் சேர்ந்து வருகின்றன, தீபாவளி எந்தக் கிழமையில் விழுகின்றது என்பனவே அச்செய்தியில் பெரும்பாலும் கவனிக்கப்படுகின்றன. ஆனால் அந்தப் பட்டியலில் ஒவ்வொரு நாளுக்கும் அருகே இடப்படும் சிறு குறிகளை வாசகர்கள் எவ்வளவு தூரம் ஊன்றிப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு ஐயமே. அரச விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என மூன்று வகை உண்டு என்பதையும், ஒரு நாள் முதல் இரண்டு வகையிலும் அடங்கி மூன்றாவதில் அடங்காமற் போகலாம் என்பதையும் அந்தக் குறிகளே சொல்கின்றன. தீபாவளி அவ்வாறான ஒரு நாள். கொழும்பில் தனியார் நிறுவனங்களின் சம்பளப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற வகையில், இந்தக் குறி ஒன்று இல்லாததால் சாதாரண ஊழியர் ஒருவரின் சம்பளப் பட்டியலில் என்ன நடக்கின்றது என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துச் சொல்ல விரும்புகின்றேன்.

நாட்காட்டியில் சிவப்பு எழுத்தில் அச்சிடப்பட்ட நாளெல்லாம் எல்லோருக்கும் விடுமுறை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. பாடசாலை பூட்டியிருக்கும், வங்கி பூட்டியிருக்கும், பிரதேச செயலகம் பூட்டியிருக்கும். அமைச்சர்களின் வாழ்த்துச் செய்திகள் பத்திரிகையின் முதற் பக்கத்தை நிறைத்திருக்கும். ஆயினும் கடையிலோ தனியார் அலுவலகத்திலோ வேலை செய்யும் ஒருவருக்கு, முதலாளி மனமுவந்து கொடுத்தாலன்றி, அந்நாள் சட்டப்படி ஒரு சாதாரண வேலைநாளே. பிள்ளை புத்தாடையுடன் வீட்டில் இருக்க, தகப்பன் அல்லது தாய் வேலைக்குப் போக வேண்டியிருக்கின்றது.

1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைகள் சட்டமும், 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் இவ்விடயத்தில் முக்கியமானவை. இவற்றின்படி தனியார் ஊழியருக்குச் சம்பளத்துடன் கிடைக்க வேண்டிய நாட்கள் இருவகைப்படும். முதலாவது, மாதந்தோறும் வரும் பௌர்ணமி தினம். அன்று வேலைக்கு அழைக்கப்பட்டால் நாட்சம்பளத்தின் ஒன்றரை மடங்கு கொடுக்கப்பட வேண்டும். இரண்டாவது, நாம் வழமையாக வர்த்தக விடுமுறை என்று சொல்லும் எட்டு நாட்கள்: தைப்பொங்கல், சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாள், புத்தாண்டு தினம், மே தினம், வெசாக் பௌர்ணமிக்கு அடுத்த நாள், மீலாதுன் நபி, நத்தார். இந்த எட்டு நாட்களில் வேலை செய்தால், ஒன்றில் அவ்வருடம் டிசம்பர் 31ஆம் திகதிக்குள் சம்பளத்துடன் பதில் விடுமுறை ஒன்று கிடைக்க வேண்டும், அல்லது இரட்டைச் சம்பளம் கிடைக்க வேண்டும். சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் தொழில்களில் சபைக்குச் சபை விபரங்கள் வேறுபடக்கூடும் ஆதலால், நான் இங்கு பெரும்பாலும் கடை, அலுவலக ஊழியரை மனதிற்கொண்டே எழுதுகின்றேன்.

இந்த எட்டு நாட்களையும் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது நேர்த்தியான ஒரு பங்கீடாகவே தோன்றும். இந்துக்களுக்குப் பொங்கல், முஸ்லிம்களுக்கு மீலாத், கிறிஸ்தவர்களுக்கு நத்தார், பௌத்தர்களுக்கு வெசாக்கின் மறுநாள், தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவாகப் புத்தாண்டு. ஆனால் ஒரு சமயத்தவர் தமது வாழ்க்கையில் எந்த நாளைப் பெருநாளாகக் கொள்கிறார் என்ற கேள்வியைக் கேட்டால் இந்தப் பங்கீட்டின் குறை வெளிப்படும். முஸ்லிம் ஊழியருக்கு மீலாத் தினம் சம்பளத்துடன் கிடைக்கின்றது. ஆனால் ஒரு மாதம் நோன்பிருந்து காத்திருக்கும் நோன்புப் பெருநாளும், ஹஜ்ஜுப் பெருநாளும் வர்த்தக விடுமுறைகள் அல்ல. கிறிஸ்தவருக்கு நத்தார் உண்டு. பெரிய வெள்ளி இல்லை. இந்துக்களுக்குத் தீபாவளியும் இல்லை, இரவு முழுவதும் கண்விழித்திருக்கும் மகா சிவராத்திரியும் இல்லை. ஆகவே இது தமிழரின் குறை மட்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உண்மையில் இந்த விடயத்தில் எங்கள் முஸ்லிம் சகோதரர்களின் நிலைமை எம்முடையதை விடச் சங்கடமானது. பிறை தென்படுவதைப் பொறுத்துப் பெருநாள் தீர்மானிக்கப்படுவதால், எந்த நாளுக்கு விடுமுறை கேட்பது என்பதையே முதல் நாள் இரவு வரை அவர்களால் சொல்ல முடிவதில்லை.

அப்படியானால் தீபாவளியன்று கோவிலுக்குப் போக விரும்பும் ஊழியர் என்ன செய்கிறார்? தமக்குரிய விடுமுறையிலிருந்து ஒரு நாளை எடுக்கின்றார். இதில் என்ன பெரிய நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. சட்டத்தின் உட்பக்கத்தைப் பார்த்தால்தான் நட்டம் விளங்கும். கடை, அலுவலக ஊழியருக்கு முழு வருடத்துக்கும் ஏழு நாட்களே அமைய விடுமுறை, அதாவது எல்லோரும் கெஷுவல் லீவு என்று சொல்வது. சொந்த அலுவல், சுகவீனம், வேறு நியாயமான காரணம் ஆகிய எல்லாமே அந்த ஏழு நாட்களுக்குள் அடங்க வேண்டும். நோய்க்கென இச்சட்டத்தில் தனி விடுமுறை கிடையாது. காய்ச்சலுக்கு எடுக்கும் நாளும், பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க எடுக்கும் நாளும், பெருநாளுக்கு எடுக்கும் நாளும் ஒரே கணக்கிலிருந்துதான் கழிகின்றன. இரண்டு பெருநாட்களையும் கொண்டாடும் முஸ்லிம் ஊழியர் ஒருவர் வருடம் தொடங்கும்போதே ஏழில் இரண்டை இழந்தவராகவே தொடங்குகின்றார். தீபாவளியும் சிவராத்திரியும் அனுட்டிக்கும் இந்துவின் நிலையும் அதுவே.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் பாடு இன்னும் மோசமானது. முதலாவது வருடத்தில் அமைய விடுமுறை ஒரேயடியாகக் கிடைப்பதில்லை. பூர்த்தியாகும் ஒவ்வோர் இரண்டு மாத சேவைக்கும் ஒரு நாள் என்ற வீதத்திலேயே சேர்கின்றது. வருடாந்த விடுமுறையோ முதல் வருடத்தில் உழைத்து அடுத்த வருடத்தில் அனுபவிக்க வேண்டியது. அதிலும் ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்தில் சேர்ந்தவருக்கு 14 நாட்கள், அடுத்த காலாண்டில் சேர்ந்தவருக்கு 10, அதற்கடுத்ததில் 7, கடைசிக் காலாண்டில் சேர்ந்தவருக்கு 4 என்று குறைந்து செல்லும். 2025ஆம் ஆண்டு தீபாவளி ஒக்டோபர் 20ஆம் திகதி திங்கட்கிழமை வந்தது. அவ்வருடம் ஜூலை முதலாம் திகதி புறக்கோட்டைக் கடையொன்றில் சேர்ந்த மலையக இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தீபாவளி வரும்போது அவர் கையில் இருந்திருக்கக்கூடியது ஒரேயொரு நாள். அந்த ஒரு நாளும் அதற்கு முன் ஒரு காய்ச்சலுக்குப் போயிருந்தால் எதுவும் இல்லை. செப்டெம்பர் முதலாம் திகதி சேர்ந்தவருக்கு, காய்ச்சல் வராவிட்டாலும், எதுவும் இல்லை. ஹற்றனுக்கோ பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போய் வருவதற்கு ஒரு நாள் போதாது என்பது அந்தப் பாதையில் பண்டிகைக் காலத்தில் பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும். எனவே அவர் சம்பளமற்ற விடுமுறை எடுக்கின்றார். எங்கள் அலுவலக மொழியில் சொன்னால் நோ பே போடுகின்றார்.

நோ பே என்பது ஒரு நாள் சம்பளத்தோடு முடிந்துவிடுவதில்லை. மாதம் 60,000 ரூபா பெறும் ஒருவருக்கு, வழக்கப்படி முப்பதால் வகுத்தால், ஒரு நாளின் பெறுமதி 2,000 ரூபா. அது குறைகின்றபோது, அதன்மீது தொழில்தருநர் செலுத்த வேண்டிய ஊழியர் சேமலாப நிதியின் 12 சதவீதமாகிய 240 ரூபாவும், ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் 3 சதவீதமாகிய 60 ரூபாவும் சேர்ந்தே குறைகின்றன. இவை சிறு தொகைகள்தாம். பெரிய அடி வேறிடத்தில் விழுகின்றது. பல நிறுவனங்களில், விசேடமாக ஆடைத் தொழிற்சாலைகளிலும் பெரிய சில்லறைக் கடைகளிலும், மாதம் முழுவதும் தவறாமல் வேலைக்கு வருபவர்களுக்கு வருகைக் கொடுப்பனவு என்றொரு தொகை உண்டு. ஒரு நாள் நோ பே போட்டாலும் அந்த மாதத்துக்குரிய கொடுப்பனவு முழுவதையும், அல்லது அதில் பெரும் பகுதியை, வெட்டிவிடும் ஏற்பாடு பல இடங்களில் உள்ளது. அந்த வெட்டு சட்டத்தால் வருவதன்று, நிறுவனத்தின் சொந்த விதியால் வருவது. அதனாலேயே தொழில் திணைக்களத்தில் முறையிட்டும் பயன் இருப்பதில்லை. சம்பளப் பட்டியலில் அந்தக் கழிவைப் பதிய வேண்டிய நிலையில் இருந்தவன் என்பதால் இதை எழுதும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. தீபாவளிக்கு முற்பணம் வாங்கி, தீபாவளிக்கு ஊருக்குப் போனதற்காக வருகைக் கொடுப்பனவை இழந்து, அடுத்த மாதத்திலிருந்து முற்பணத்தையும் தவணையாகக் கழிக்கக் கொடுத்தவர்கள் என் பட்டியல்களில் இருந்தார்கள்.

இதே தீபாவளி நாளுக்கு அரசாங்க ஊழியரின் சம்பளத்தைத் திறைசேரி கொடுக்கின்றது. வங்கி ஊழியரின் சம்பளத்தை வங்கி கொடுக்கின்றது. கடை ஊழியரின் சம்பளத்தைக் கொடுப்பவர் அவரேதான். ஒரே கோவிலில் ஒரே வரிசையில் நின்று அருச்சனைத் தட்டை நீட்டும் மூவரில் ஒருவர் மட்டும் அந்த நாளைத் தம் கைப்பணத்தில் வாங்கிக்கொண்டு வந்திருக்கின்றார். சமய அனுட்டானத்தின் விலை மூன்று ஊழியரில் மிகக் குறைந்த பாதுகாப்பு உள்ளவரின் தலையில் விழும்படி அமைந்திருப்பதே என்னுடைய முறைப்பாடு; விடுமுறை நாட்கள் போதாது என்பதல்ல.

அரசியலமைப்பு இதற்கு வழிகாட்டாதா என்று கேட்கலாம். 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்திரத்தைத் தருகின்றது. 14ஆம் உறுப்புரை வழிபாட்டினாலும் அனுட்டானத்தினாலும் ஒருவர் தமது சமயத்தை வெளிக்காட்டும் உரிமையைக் கூறுகின்றது. 12ஆம் உறுப்புரை சமயத்தின் பேரிலான பாரபட்சத்தைத் தடுக்கின்றது. ஆனால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கு, மீறல் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலால் ஏற்பட்டதாக இருக்க வேண்டும். தனியார் கடைக்காரர் ஒருவர் விடுமுறை மறுப்பது அந்த வரையறைக்குள் வராது. சமயப் பாகுபாடு உட்பட வேலைவாய்ப்பில் பாகுபாட்டைக் களைய வேண்டும் என்ற சர்வதேசத் தொழில் அமைப்பின் 111ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதற்கு ஏற்பத் தனியார் வேலைத்தலத்தில் சமயப் பாகுபாட்டைக் கையாளும் தனிச் சட்டமொன்று இன்னமும் இயற்றப்படவில்லை. அதே அமைப்பின் 106ஆம் இலக்கச் சமவாயம், வணிகத் துறையிலும் அலுவலகங்களிலும் வாராந்த ஓய்வைப் பற்றியது, சமயச் சிறுபான்மையினரின் மரபுகளும் வழக்கங்களும் இயன்றவரை மதிக்கப்பட வேண்டும் என்று 1957லேயே சொல்லிவிட்டது.

இத்தனைக்கும் சமயத்தையும் வேலைநாளையும் பொருத்துவதில் இந்த நாட்டுக்கு அனுபவம் இல்லை என்று சொல்ல முடியாது. இன்று அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கலாம்: டட்லி சேனாநாயக்க அரசாங்கக் காலத்தில், 1966 முதல், ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறை என்ற நிலை நீக்கப்பட்டு, சந்திரனின் நான்கு கட்டங்களையொட்டிய போயா தினங்களும் அவற்றுக்கு முந்திய நாட்களும் வார விடுமுறை ஆக்கப்பட்டன. சந்திரக் கட்டங்கள் சரியாக ஏழு நாளுக்கு ஒரு முறை வருவதில்லை; சில வேளை எட்டு நாளாகும். ஆகவே வேலை வாரம் நீண்டும் குறுகியும் வந்தது. வெளிநாட்டு வங்கிகளும் கப்பற் கம்பனிகளும் இயங்கும் நாட்களில் நாங்கள் பூட்டியிருந்தோம். அவர்கள் பூட்டியிருந்த ஞாயிறுகளில் நாங்கள் திறந்திருந்தோம். தேவாலயத்துக்குப் போக வேண்டிய கத்தோலிக்கர்கள் ஞாயிறு காலை வேலைக்குப் போனார்கள். 1971இல் அது கைவிடப்பட்டது. ஞாயிறு திரும்பி வந்தது, பௌர்ணமி மட்டும் விடுமுறையாக எஞ்சியது. ஒரு சமயத்தவரின் வழிபாட்டு வசதிக்காக முழு நாட்டின் நாட்காட்டியையும் புரட்டிப் பார்த்தோம், ஐந்து வருடங்கள் சமாளித்தோம். தனியொரு ஊழியருக்கு வருடத்தில் ஒரு நாளை மாற்றிக் கொடுப்பது அதைவிடக் கடினமானதாக இருக்க முடியாது.

இனி, எங்கள் அரசியல்வாதிகள் அவ்வப்போது கேட்பதைப் போல, தீபாவளியை ஒன்பதாவது வர்த்தக விடுமுறையாகச் சேர்த்துவிடும்படி நானும் கேட்பேன் என்று வாசகர்கள் எதிர்பார்க்கலாம். நான் அதைக் கேட்கவில்லை. தீபாவளியைச் சேர்த்தால் இரண்டு பெருநாட்களையும் பெரிய வெள்ளியையும் சிவராத்திரியையும் விட்டுவிட நியாயம் கிடையாது. சேர்த்தால் எட்டு பதின்மூன்றாகும். பௌர்ணமிகளுடன் சேர்த்து இருபத்தைந்தைத் தொடும். ஏற்கெனவே உலகில் அதிக விடுமுறை உள்ள நாடுகளுள் ஒன்று என்ற பெயரை எடுத்திருக்கும் எங்களிடம் தொழில்தருநர் சம்மேளனமோ நிதி அமைச்சோ அதை ஒருபோதும் ஏற்கப் போவதில்லை. அதைவிட மோசமாக, எந்த இனத்துக்கு எத்தனை நாள் என்ற ஏலம் ஒன்று பாராளுமன்றத்தில் ஆரம்பமாகும். அதில் நாங்கள் வெல்லப் போவதுமில்லை.

சிங்கப்பூரின் அனுபவமும் இதற்குப் பொருத்தமானது. அங்கே சட்டப்படியான பொது விடுமுறை 11 நாட்கள். தீபாவளி அவற்றுள் ஒன்று, தனியார் ஊழியருக்கும் சம்பளத்துடன் உரியது. அதே வேளை, 1968இல் விடுமுறைகளின் எண்ணிக்கை 16இலிருந்து 11ஆகக் குறைக்கப்பட்டபோது தைப்பூசம் பட்டியலிலிருந்து நீங்கியது. பட்டியலில் இடம்பிடிப்பதை நம்பியிருக்கும் உரிமை பட்டியல் சுருங்கும்போது போய்விடும். ஆனால் அந்நாட்டுச் சட்டத்திலேயே தொழில்தருநரும் ஊழியரும் உடன்பட்டு ஒரு பொது விடுமுறைக்குப் பதிலாக வேறொரு நாளை வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் உண்டு. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமும் அவ்வாறே: வருடத்துக்கு 11 நாட்கள், அவற்றுள் ஐந்து கட்டாயமானவை, எஞ்சிய ஆறையும் வர்த்தமானியில் உள்ள விடுமுறைகளிலிருந்து தொழில்தருநர் தெரிந்து வருடம் தொடங்குமுன் அறிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, ஒக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களை நிலையாக வைத்து, ஐந்து பண்டிகை நாட்களைத் தொழில்தருநரையும் தொழிலாளரையும் கலந்து பரிசோதகர் குறிக்க விடுகின்றது. அந்நாட்களில் வேலை செய்தால் இரட்டைச் சம்பளமா, அல்லது சம்பளமும் பதில் விடுமுறையுமா என்று தெரிவு செய்யும் உரிமையை அச்சட்டம் தொழிலாளிக்கே கொடுத்திருக்கின்றது. எங்களிடம் நடைமுறையில் அந்தத் தெரிவு முதலாளியுடையதாகவே இருக்கின்றது. தமிழ்நாட்டுச் சட்டமும் நிறுவனம் முழுவதற்கும் ஒரே ஐந்து நாளைத்தான் தருகின்றது. பெரும்பான்மையாக இந்துக்கள் வேலை செய்யும் ஆலையில் ஒரு முஸ்லிம் தொழிலாளிக்கு அதனால் முழுத் தீர்வு கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

எனது யோசனை இதுதான். எட்டு வர்த்தக விடுமுறைகளுள் சமயத்தையொட்டியவற்றில் ஒன்றை, ஊழியர் தாம் விரும்பும் வேறொரு சமய நாளுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையைச் சட்டம் அவருக்கு வழங்க வேண்டும். தீபாவளியை விரும்பும் இந்து ஊழியர் நத்தாரன்றோ மீலாத் தினத்தன்றோ வழமையான சம்பளத்துக்கு வேலை செய்து, தீபாவளியன்று சம்பளத்துடன் வீட்டில் இருப்பார். நத்தாரன்று தேவாலயத்துக்குப் போக விரும்பும் சக ஊழியருக்கு இதனால் வசதியே தவிர இடைஞ்சல் இல்லை. மொத்த நாட்கள் எட்டாகவே இருக்கும்; முதலாளிக்கு ஒரு சதமும் கூடுதற் செலவில்லை, சொல்லப்போனால் அன்று கொடுக்க வேண்டியிருந்த இரட்டைச் சம்பளம் அவருக்கு மிச்சம். டிசம்பர் 31க்குள் பதில் விடுமுறை என்ற ஏற்பாடு ஏற்கெனவே சட்டத்தில் இருக்கின்றது. விடுமுறையன்று வேலை செய்த பின் முதலாளி தீர்மானிக்கும் நாளில் அது கிடைப்பதற்குப் பதிலாக, வருடத் தொடக்கத்திலேயே ஊழியர் குறித்துக் கொடுக்கும் நாளில் கிடைக்கச் செய்வதுதான் மாற்றம்.

இதில் ஒரு சிக்கல் இருப்பதை நான் மறைக்கவில்லை. வர்த்தக விடுமுறைகளில் முழுமையாகப் பூட்டிவிடும் அலுவலகங்களில் மாற்றிக்கொள்ள வேலையே இருக்காது. நத்தாரன்று ஒருவருக்காகக் கட்டடத்தைத் திறந்து மின்விசிறியைச் சுழலவிட முடியாது. அவ்விடங்களில், ஊழியர் முன்கூட்டி அறிவித்த ஒரு நாளுக்கு அமைய விடுமுறையையோ வருடாந்த விடுமுறையையோ மறுக்க முடியாது என்றும், முதல் வருட ஊழியராயின் இனிச் சேரப்போகும் விடுமுறையிலிருந்து அந்த ஒரு நாளை முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்றும், அந்த நாளைக் காரணமாக வைத்து வருகைக் கொடுப்பனவில் கை வைக்கக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தால் போதுமானது. முழு நியாயம் ஆகாதுதான். ஏழு நாளில் ஒன்று அப்போதும் குறையும். ஆனால் நோ பே இராது.

ஒரே நாளில் எல்லோரும் விடுமுறை கேட்டால் கடையை யார் நடத்துவது என்பது முதலாளிமார் கேட்கும் நியாயமான கேள்வி. செட்டியார் தெரு நகைக்கடைகளையும் யாழ்ப்பாணத்துக் கடைகளையும் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை. தீபாவளியன்று அவை வழக்கத்தாலேயே பூட்டப்படுகின்றன. ஒரு வார்த்தை இடையில்: அப்படி முதலாளியே பூட்டிய நாளைக்கூட நாட்கூலி ஊழியரின் கணக்கில் கழிக்கும் தமிழ் முதலாளிமார் சிலர் உண்டு, இந்தக் கடிதம் அவர்களுக்கும்தான். ஊழியர் பல சமயத்தவராகக் கலந்து வேலை செய்யும் சுப்பர்மார்க்கட்டிலும் ஹோட்டலிலும், தீபாவளிக்குப் போகும் ஒருவரின் இடத்தைப் பெருநாளுக்குப் போகப்போகும் மற்றவர் நிரப்புவது இன்றும் நடக்கின்றது. சகோதர ஊழியர் ஒருவருடன் நாளை மாற்றிக்கொண்டு ஒருவருக்கொருவர் உதவுவது கொழும்பின் பழைய வழக்கம். மேற்பார்வையாளர் நல்லவராயிருந்தால் அது நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது. தனியார் மருத்துவமனை, காவல் சேவை போன்ற இடங்களில் மட்டும் ஒரு எல்லை விதிக்க வேண்டியிருக்கலாம். அங்கே அந்த நாளை மறுக்க நேர்ந்தால், மறுக்கப்பட்ட நாளுக்கு வர்த்தக விடுமுறைக்குரிய இரட்டைச் சம்பளம் கொடுக்கப்படட்டும். காசு கொடுக்க வேண்டும் என்றால் காரணமில்லாமல் மறுப்பது குறையும் என்பது சம்பளப் பிரிவில் நான் கண்ட உண்மை.

ஊழியரின் சமயத்துக்குச் சான்று கேட்பதா என்ற கேள்வியும் எழும். கேட்கவே கூடாது என்பது என் கருத்து. பிறப்புச் சான்றிதழையும் குருக்களின் கடிதத்தையும் கொண்டுவரச் சொல்லும் ஏற்பாடு வேறு தொல்லைகளுக்கு வழி திறக்கும். முப்பது நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவித்தால் போதும். பிறையை நம்பியிருக்கும் பெருநாட்களுக்கு, இன்ன நாள் அல்லது அதற்கு மறுநாள் என்று அறிவிக்க இடமளிக்க வேண்டும். ஒரு பௌத்தர் தம் நண்பனின் வீட்டுக்குத் தீபாவளிக்குப் போவதற்காக அந்த நாளைக் கேட்டாலும் கொடுத்துவிட்டுப் போகட்டும். நாள் எண்ணிக்கை கூடுவதில்லையே.

பௌர்ணமி விடுமுறையைக் குறைத்து இதற்கு இடம் காணலாம் என்று சிலர் யோசனை சொல்வதையும் கேட்டிருக்கின்றேன். அதில் எனக்கு உடன்பாடில்லை. பௌர்ணமி பௌத்தர்களுக்கு எவ்வளவு புனிதமானது என்பது ஒரு புறமிருக்க, அந்த ஒரு நாள் ஓய்வால் பயன்பெறும் தொழிலாளர்களில் எல்லாச் சமயத்தவரும் உள்ளனர். ஒரு தொழிலாளியின் நாளைப் பறித்து இன்னொரு தொழிலாளிக்குக் கொடுப்பது தொழிற்சங்கத்தில் இருந்தவன் செய்யும் யோசனை அல்ல.

தொழிற் சட்டங்கள் பலவற்றையும் ஒன்றாக்கிப் புதிய சட்டமொன்றைக் கொண்டுவரும் பேச்சு 2023இல் பலமாக எழுந்தது. வேலை நேரம், வேலைநீக்கம், தொழிற்சங்கப் பதிவு என்பவற்றைப் பற்றியே அப்போது வாதம் நடந்தது. அவை பெரிய விடயங்கள்தான். சமய நாளைப் பற்றி எங்கள் தொழிற்சங்கங்களோ மலையகக் கட்சிகளோ இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ அமைப்புகளோ பத்திரிகைகளில் உரத்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை. மலையகத் தலைவர்கள் ஒவ்வொரு வருடமும் தோட்டத் தொழிலாளரின் தீபாவளி முற்பணம் எவ்வளவு என்பதில் கடுமையாகப் பேரம் பேசுகிறார்கள். அது கடன், வட்டியில்லாவிட்டாலும் கடன்தான். தோட்டத்தை விட்டிறங்கிக் கொழும்பிலும் கண்டியிலும் கடைகளில் வேலை செய்யும் அதே தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அந்தத் தீபாவளி நாளே சட்டப்படி இல்லை என்பதை யாராவது ஒருவர் தொழில் அமைச்சரிடம் எடுத்துச் சொன்னால் நல்லது. அடுத்த முறை வரைவு வெளியிடப்பட்டுக் கருத்துகள் கோரப்படும்போது, மேலே சொன்ன மாற்று நாள் ஏற்பாட்டை எழுத்தில் அனுப்பும்படி தொழிற்சங்கங்களையும் சமய அமைப்புகளையும் கூட்டாகக் கேட்டுக்கொள்கின்றேன். ஒவ்வொருவரும் தத்தமது பண்டிகையை மட்டும் எழுதி அனுப்பினால் அந்தக் கடிதங்கள் ஒரே கோப்பில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும்.

தங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வருட விடுமுறைப் பட்டியலை வெளியிடும்போது, தனியார் ஊழியருக்குச் சம்பளத்துடன் உரிய நாட்கள் எவை, அவற்றில் வேலை செய்தால் கிடைக்க வேண்டியது என்ன, எவை அவருக்கு உரியவை அல்ல என்பதைத் தனிப் பத்தியாகத் தெளிவாக அச்சிடுங்கள். வர்த்தக விடுமுறையில் வேலை செய்துவிட்டுச் சாதாரண நாட்சம்பளத்தோடு வீடு திரும்பும் கடைச் சிப்பந்திகள் இன்றும் பலர் இருக்கிறார்கள். பதில் விடுமுறையை டிசம்பர் 31க்குள் கேட்க வேண்டும் என்பது தெரியாமல் அதை இழப்பவர்கள் அவர்களிலும் பலர். நவம்பர் மாதத்திலேயே அந்தப் பத்தி வெளிவந்தால், நடப்பு வருடத்தில் தங்களுக்கு மிச்சமுள்ள நாட்களை எண்ணிக் கேட்பதற்கு அவர்களுக்குச் சில வாரங்கள் இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சம்பளப் பிரிவு எழுதுவினைஞர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.